ஐந்து வகுப்பும் ஒரே அறையில்: வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்புக்கு என்ன செய்ய வைக்கலாம்?

விளாத்திகுளம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். விளாத்திகுளம் பக்கம் ஒரு ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு எனக்கு. நாலும் அஞ்சும் ஹெச்.எம். சாருக்கு. மொத்தமே 31 பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை மதியம் கடைசி ரெண்டு பாடவேளை ஓவியமும் கைவேலையும். அன்னைக்குப் பார்த்து ஹெச்.எம். சாருக்கு ஏதாவது மீட்டிங் வந்துடும், அதனால அஞ்சு வகுப்பும் என்கிட்டதான்.

பிரச்சினை இதுதான். "படம் வரைங்க"ன்னு சொன்னா ஒண்ணாம் வகுப்பைத் தவிர மீதி எல்லாரும் ஒரே படம். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழே வளைஞ்சு வர்ற ஆறு, ஓரத்துல ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னமரம், மேலே நாலு காக்கா. எங்க ஊர்ல கண்ணுக்கு எட்டின தூரம் கரிசக்காடுதான், மலையைப் பார்த்த பிள்ளையே கம்மி. மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அந்த மலையையும் ரப்பர் வெச்சு அழிச்சு அழிச்சு, தாள் கிழிஞ்சதும் "எனக்கு வராது டீச்சர்"னு கவுந்து படுத்துக்கிறான்.

நெட்ல தேடினா பேப்பர் பிளேட், மினுமினுப் பொடி, பசைத் துப்பாக்கி, பிளாஸ்டிக் கண்ணுன்னு வருது. அதெல்லாம் வாங்க வழி இல்லை. அரசாங்கம் குடுக்கிற கிரேயான் (1, 2-க்கு), கலர் பென்சில் (3, 4, 5-க்கு) இருக்கு. கிரேயான் எல்லாம் நகத்தளவு துண்டாயிடுச்சு. எனக்கும் பெருசா வரைய வராது. ஆண்டு விழாவுக்குச் சுவர்ல மாட்ட ஏதாவது வேணும்னு ஹெச்.எம். சார் சொல்லியிருக்காங்க. செலவில்லாம, அஞ்சு வகுப்பும் சேர்ந்து செய்யற மாதிரி சொல்லுங்களேன்.

கோவை அம்மா:

வெண்டைக்காயைக் குறுக்கால வெட்டி கலர்ல தொட்டு அச்சு வெச்சா பூ மாதிரி வருமுங்க. வாழைத்தண்டு, பாவக்காய், பாதி வெங்காயம் எல்லாத்துலயும் வேற வேற டிசைன் வரும். முத்தின வெண்டைக்காயா எடுத்துக்கங்க, சமையலுக்கும் ஆகாது, அச்சுக்கு நல்லா நிக்கும்.

நீங்க குடுத்து வெச்சவங்க டீச்சர். எங்க பையன் படிக்கிற தனியார் பள்ளியில ரெண்டாம் வகுப்புக்கே 'ப்ராஜெக்ட்'னு குடுத்து, ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அவங்கப்பாவும் தெர்மாகோல்ல எரிமலை செஞ்சிட்டிருந்தோம். பையன் தூங்கிட்டான். மறுநாள் முதல் பரிசு எங்களுக்குத்தான்!

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

டீச்சர், உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொடக்கப் பள்ளிக்கு எங்களைப் போட மாட்டார்கள். ஆறாம் வகுப்பில்தான் பிள்ளைகள் எங்கள் கைக்கு வரும். வரும்போதே அந்த இரண்டு மலையையும் கையோடு தூக்கிக்கொண்டு வரும். அதை இறக்கி வைக்க வைப்பதிலேயே என் பாதி சர்வீஸ் போனது. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பிள்ளை தானாகப் போடும் படத்தில் நமக்குத் தப்பாகத் தெரிகிற பல விஷயம் தப்பே இல்லை. ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு மனுஷன், மரம், ஆடு எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தும். வானத்தை மேலே ஒரு நீலப் பட்டையாக அடிக்கும், நடுவில் வெறும் தாள். வீட்டுக்குள் இருக்கிற அடுப்பும் பாட்டியும் சுவரைத் தாண்டித் தெரியும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் இதை அந்த வயதுக்குரிய ஒரு படிநிலையாகவே எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்ததும் அதுதான். "வானம் கீழே வரைக்கும் வரணும்டா" என்று திருத்தப் போகாதீர்கள். அதுவே வரும்.

மலையும் சூரியனும் அப்படி இல்லை. அது அண்ணன் நோட்டிலிருந்து தம்பி நோட்டுக்கு வருவது. பார்த்ததும் இல்லை, நினைத்ததும் இல்லை. "இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் இதுதான் வரும், ஏனென்றால் இதற்கு ரெடிமேட் விடை இருக்கிறது. ரெடிமேட் விடை இல்லாத பொருளாகக் கொடுத்துப் பாருங்கள்.

நான் கொடுத்தது செருப்பு. வகுப்புக்கு வெளியே கழற்றிப் போட்டிருப்பார்களே, அதைத்தான். "உன் செருப்பில் ஒரு ஜோடியை உள்ளே கொண்டுவா, முன்னால் வை, பார்த்து வரை." செருப்புக்கு யார் நோட்டிலும் படம் கிடையாது. அதனால் பார்க்கத்தான் வேண்டும். ஒருவன் வார் அறுந்த இடத்தில் குத்தியிருந்த ஊக்கை, அதன் தலைப்பாகம் உட்பட வரைந்தான். ஒரு பெண் குதிகால் தேய்ந்த பள்ளத்தைப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி, கடைசியில் "சார், நான் இந்தப் பக்கமாச் சாஞ்சு நடக்கேன் போல" என்றாள். இடதும் வலதும் ஒரே மாதிரி தேயவில்லை என்பதைப் பென்சில் பிடித்த பிறகுதான் கண்டுபிடித்தாள். அழிரப்பர் கொடுக்கக் கூடாது, அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு. உங்கள் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு முதல் வைத்தியம் ரப்பரைப் பிடுங்குவதுதான்.

மூன்று, நான்கு, ஐந்துக்கு இது சரிப்படும். ஒன்று, இரண்டுக்குப் 'பார்த்து வரை' இன்னும் சீக்கிரம். அவர்களுக்குக் கையில் பொருள் வேண்டும்.

உங்கள் ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? மண் இருக்கிறது. நான் சொல்லப் போவது மண் கலர்.

கரிசல் மண் காலடியில் கிடக்கிறது. திருச்செந்தூர் போகிற யாரிடமாவது சொன்னால் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டிலிருந்து சிவப்பு மண் ஒரு பை வந்துவிடும். உடைந்த செங்கல்லை இடித்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்தால் வெள்ளை. அடுப்புக்கரி கறுப்பு. கோலத்துக்கு வாங்கும் காவிப் பொடி, சமையல் மஞ்சள்தூள். ஆறு ஏழு நிறம் சேர்ந்துவிட்டது, காசு போனது காவிக்கும் மஞ்சளுக்கும் மட்டும்.

மண்ணை அப்படியே கரைத்துப் பூசினால் நறநறவென்று இருக்கும், காய்ந்ததும் உதிரும். ஒரு வாளியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். பத்து எண்ணுகிற நேரம் விடுங்கள், மணலும் பொடிக்கல்லும் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி இன்னொரு பாத்திரத்தில் எடுங்கள். அதை ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் தண்ணீர் தெளிந்து மேலே நிற்கும், அடியில் வெண்ணெய் மாதிரி நைஸான மண் தங்கும். மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டால் அடியில் இருப்பதுதான் கலர். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் போதும், இந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள்.

ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின். மரத்தில் வெடிப்பு உள்ள இடத்தில் கட்டிகட்டியாக வடிந்து நிற்கும், பிள்ளைகளுக்கு எந்த மரம் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். பெட்டியில் வருகிற வாட்டர் கலரிலும் இந்த இனத்து மரத்துப் பிசினைத்தான் சேர்ப்பார்கள். ஒரு பங்கு பிசினை மூன்று பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கரைத்து வடிகட்டுங்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பிசின் தண்ணீர் என்று ஆரம்பித்து, ஒரு கீற்று பூசிக் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால் பிசின் பத்தவில்லை. காய்ந்தது வெடித்துச் செதில் செதிலாகக் கிளம்பினால் பிசின் கூடிவிட்டது, அல்லது தடிமனாகப் பூசிவிட்டீர்கள். கரிசல் இயல்பிலேயே வெடிக்கிற மண். அதை மட்டும் மெல்லிசாகப் பூசச் சொல்லுங்கள்.

பிரஷ்ஷுக்கு வேப்பங்குச்சியின் நுனியை மென்றால் போதும். பெரிய இடம் பூச, வெள்ளையடிக்கிற மாதிரி பனைமட்டைத் துண்டின் முனையைக் கல்லால் தட்டி நாராக்கிக்கொள்ளுங்கள். தாளுக்கு மாதக் காலண்டரின் பின்பக்கம். சிவகாசி பக்கம் போய்வருகிறவர் இருந்தால், அச்சகங்களில் வெட்டிக் கழிக்கும் ஓரத்தாள் எடைக்குக் கிடைக்கும். நல்ல கனமான தாள்.

31 பிள்ளைகளைக் கலரோடு எப்படிச் சமாளிப்பது என்று கேட்பீர்கள். கலர் நகரக் கூடாது, பிள்ளைகள் நகர வேண்டும். ஒரு கலருக்கு ஒரு சிரட்டை, மண்ணில் பதித்து வைத்தால் கவிழாது. அந்தக் கலருக்கு உரிய குச்சி அந்தச் சிரட்டையை விட்டுப் போகக் கூடாது. சிரட்டைக்கு ஒரு பெரிய பிள்ளை காவல். சின்னவர்கள் தாளை எடுத்துக்கொண்டு கலரிடம் வருவார்கள். வேப்பமரத்தடியில் வைத்துச் செய்தால் தரை கழுவும் வேலையும் இல்லை.

என்ன வரைவது? ஒன்று, இரண்டுக்குத் தலைப்பு கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். "நேத்து மழை வந்தப்போ நீ எங்க நின்னே? பக்கத்துல யாரு இருந்தா?" முழு வகுப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். அந்தச் சூட்டோடு தாளைக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு, சித்தன்னவாசல் தாமரைக் குளத்துப் படமும் மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்கள், சுண்ணாம்பு, கரி இவற்றால் ஆனதுதான், 9-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். சிரட்டையைப் பிடிக்கிற பிடியே மாறும்.

மஞ்சளில் ஒரு வேடிக்கை. மஞ்சள் தண்ணீர் பூசிக் காய்ந்த தாளில் சோப்புத் தண்ணீரைக் குச்சியில் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக வரும். ஆரத்தி கரைப்பதைப் பார்த்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. இந்தப் படத்தை வெயில் படுகிற இடத்தில் மாட்டாதீர்கள், மஞ்சள் வெளுத்துவிடும்.

கிரேயான் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுற்றியிருக்கிற தாளை உரித்துவிட்டு, படுக்கவைத்துத் தேயுங்கள். தாளுக்கு அடியில் அரச இலை, ஆமணக்கு இலை, பனையோலை, கயிற்றுக் கட்டில், ஜன்னல் கம்பி வலை, எது இருந்தாலும் அதன் வரி மேலே வரும். இலையை நரம்பு மேலே பார்க்கிற மாதிரி கவிழ்த்து வைக்க வேண்டும். துண்டு கிரேயானுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கிரேயானை நுனியால் தேய்த்தால் இது சரியாக வராது.

எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றையும் பிள்ளைகள் தொடவே கூடாது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பெரிய தொந்தரவு. மைதாப் பசை காய்ச்சினால் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மாதிரி மயில்துத்தம் போடாதீர்கள், அது விஷம். அன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தர்மபுரி இடைநிலை ஆசிரியர்:

மாஸ்டர் சொன்ன மண் கலரை நானும் குறித்துக்கொண்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சின்ன வகுப்புகளுக்கு அவுட்லைன் போட்ட படத்தைக் கொடுத்துக் கலர் அடிக்க வைப்பதும் தேவைதான். 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிற எல்லோருக்கும் தெரியும், அதில் 'அரும்பு' என்கிற தொடக்க நிலையில் இருக்கிற பிள்ளைக்குப் பென்சில் பிடியே சரியாக இருக்காது. கோட்டுக்குள் கலர் அடித்து அடித்துத்தான் விரல் பழகுகிறது. மாதிரியே இல்லாமல் வெறும் தாளைக் கொடுத்தால் சில பிள்ளைகள் பாடவேளை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, கோலத்தை யாரும் சொல்லவில்லையே? நாலு, ஐந்துக்கு 7 புள்ளி 4 வரை ஊடுபுள்ளி வைத்துக் கொடுத்தால் சமச்சீர் பாடத்தைத் தனியாக நடத்தவே வேண்டாம். பையன்களையும் உட்கார வையுங்கள். "பொம்பளப் பிள்ளைங்க வேலை சார்" என்று முதல் நாள் நெளிந்தவன்தான் பிறகு சிக்குக் கோலத்தைக் கையை எடுக்காமல் முடிப்பான்.

விளாத்திகுளம் டீச்சர்:

மாஸ்டர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. செருப்பு விஷயத்துல மட்டும் ஒரு தயக்கம். எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் செருப்பில்லாமதான் வருது. ஒரு பிள்ளை அண்ணன் செருப்பைப் போட்டுட்டு வருது, அளவு பெருசு. அதை எடுத்து முன்னால வைன்னா சங்கடப்படும். வேற என்ன வைக்கலாம்?

தர்மபுரி சார் சொன்னதும் நிஜம், வெறும் தாளைப் பார்த்தா என் ரெண்டாம் வகுப்புல மூணு பேர் அசைய மாட்டாங்க.

ஆண்டு விழாவுக்கு நல்லா வந்ததை மட்டும் எடுத்து மாட்டட்டுமா, எல்லாத்தையுமா?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

டீச்சர், அப்படியென்றால் செருப்பு வேண்டாம். உங்கள் பிள்ளைகளை நீங்கள்தான் அறிவீர்கள். பள்ளிக்குப் பொதுவான பொருளாக எடுங்கள். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு தொங்குகிறதா? அடித்து அடித்து ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், அது நல்ல பாடம். கைப்பிடி நசுங்கின வாளி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குடை, அடிகுழாய். ஒன்றுமே இல்லாவிட்டால் அவரவர் இடது கை. சுற்றி அச்சு எடுக்கக் கூடாது. பென்சில் பிடித்த மாதிரி மடக்கி வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். நகத்தில் ஒட்டின மருதாணி வரைக்கும் வரும்.

தர்மபுரி சாருக்கு: விரல் பழக அவுட்லைன் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எழுத்துப் பயிற்சி, அதைத் தமிழ்ப் பாடவேளையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மதியம் ஓவியத்துக்கு என்று ஒதுக்கி, அதிலும் அடுத்தவர் போட்ட கோட்டுக்குள்ளேயே அந்தப் பிள்ளையை உட்காரவைக்க எனக்கு மனம் வராது. வெறும் தாளைப் பார்த்து உறைந்து போகிற பிள்ளைக்கு மாதிரி காட்டுவதைவிடத் தாளைக் கெடுத்துக் கொடுப்பது நல்லது. ஒரு கை கரிசல் தண்ணீரை எடுத்து அந்தத் தாளில் நீங்களே தெளித்துவிடுங்கள். "இதுல உனக்கு என்ன தெரியுது? கண்ணு, காலு வெச்சுக் காட்டு." வெள்ளைத் தாளுக்குத்தான் பயப்படும், அழுக்குத் தாளுக்குப் பயப்படாது. கோலம் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆண்டு விழாவுக்கு 31 படத்தையும் மாட்டுங்கள். பரிசு, ஸ்டார், மார்க் ஒன்றும் வேண்டாம். கொடிக்கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் பிள்ளைகளின் கண் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிள்ளை அதைப் பற்றிச் சொல்கிற ஒரு வரியை அது சொன்னபடியே எழுதுங்கள். "இது எங்க ஆடு, சினையா இருக்கு" என்று சொன்னால் அதையே. அரும்பு நிலைப் பிள்ளை வேறெதையும் படிக்காவிட்டாலும் தான் சொன்ன வரியை விரல் வைத்துப் படிக்கும், வருகிற அப்பா அம்மாவிடம் படித்தும் காட்டும். ஹெச்.எம். சாருக்கும் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

ஓலையை விட்டுவிட்டேனே! பனையோலைக் காற்றாடியை உடைமுள்ளில் குத்திச் சுற்றவிடுவது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. கிலுகிலுப்பையும் பெட்டியும் முடையத் தெரிந்த பாட்டி யாராவது ஊரில் இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடையுங்கள். டீச்சருக்கும் முதல் தடவை சரியாக வரவில்லை என்பதை உங்கள் ரப்பர் பையன் பார்க்க வேண்டும்.

கோவை அம்மா:

சிரட்டையை மண்ணுல பதிச்சு வைக்கிற ஐடியா நம்ம வீட்டு மொட்டை மாடிக்கும் ஆகுமுங்க, ஒரு தட்டுல மணல் கொட்டி வெச்சுக்கலாம். இங்க கருவேல மரத்துக்கு எங்க போறது? பிசின் கடையில கிடைக்குங்களா?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

நாட்டு மருந்துக் கடையில் 'கருவேலம் பிசின்' என்றே கேளுங்கள் அம்மா, கொடுப்பார்கள். பாதாம் பிசினை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது ஊறி உப்புமே தவிரக் கரையாது. விளாத்திகுளம் டீச்சர், நீங்கள் மரத்திலிருந்தே எடுப்பதாக இருந்தால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் எடுத்து வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள், மழையில் கரைந்து போய்விடும். ஊறப்போட்டதை அந்த வாரமே தீர்த்துவிடுங்கள், வைத்தால் நாறும்.

விளாத்திகுளம் டீச்சர்:

சரிங்கய்யா. அஞ்சாம் வகுப்புக்கிட்ட பிசின்னு வாயெடுத்ததுமே எந்தெந்த மரம்னு ஒரு பட்டியல் வந்துடுச்சு. இந்த வாரம் மண் கலர். தண்டவாளம் அடுத்த வாரம்.